புருவக்காரி ஏறிய ரயில்

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் மதலேனம்மாளைத் தெரியாதவர் கிடையாது. செய்வது தரம் பிரிக்கிற வேலைதான். பழுத்தது ஒரு பக்கம், செங்காய் ஒரு பக்கம், நசுங்கினது மாட்டுக்கு. ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அது அமெரிக்கா வரைக்கும் போய்வரும். பழைய அமெரிக்கப் படம் என்றால் அவளுக்கு உயிர். அதுவும் கறுப்பு வெள்ளையாக இருந்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். இங்கிலீஷில் தேங்க்யூவைத் தாண்டி ஒரு சொல் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, கண் இல்லையா?

மருமகள் ஸ்டெஃபி புதுப் போன் வாங்கியபோது பழையதை அத்தைக்குக் கொடுத்தாள். மாதா பாட்டுக் கேட்கட்டும் என்றுதான் கொடுத்தாள். பாட்டைத் தேடிய விரல் எங்கேயோ பட்டு, ஒரு வெள்ளைக்காரி வந்து நின்றாள். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

நடிகர்களின் பெயரெல்லாம் வாயில் நுழையாததால் அவளே பெயர் வைத்துக்கொண்டாள். தொப்பிக்காரர்மேல் அவளுக்குத் தனி மரியாதை. பெண்பிள்ளை உள்ளே வந்தால் எழுந்து நிற்பாராம். “எங்க வூட்டுக்காரரு எந்திரிச்சா அது கை கழுவத்தான்” என்பாள். குதிரைப் படத்து நெட்டையனைக் கண்டால் ஆகாது. “நாளெல்லாம் ஓட்டறானே, அந்த வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் தண்ணி காட்டனானா பாவி?”

எல்லோருக்கும் மேலே புருவக்காரி. ஒற்றைப் புருவத்தைத் தூக்கினால் எதிரில் நிற்கிற ஆண்பிள்ளைக்குப் பேச்சு நின்றுவிடும். நம்மூர்ப் படத்தில் ஒருத்தி அழுதால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும், விழாது. பார்க்கிற நமக்குத்தான் விழுந்து தொலைக்கும்.

அந்தப் புருவக்காரி படம் ஒன்றைத்தான் மண்டியில் அதிகம் சொன்னாள். பெரிய பங்களா, எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுகிற புருஷன். விருந்தாளிகள் முன்னால் அவன் தட்டைத் தூக்கி எறிகிறான். மறுநாள் காலை அவள் ஒரு பெட்டியோடு ரயில் ஏறிவிடுகிறாள். ரயில் போகிறது, திரை இருட்டாகிறது.

“அவ்ளோதாண்டி படம். திரும்பிக்கூடப் பாக்கல!”

பக்கத்தில் உட்கார்ந்து தக்காளி பொறுக்கும் நிர்மலா அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஏரியூரில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் பிரபாகரின் கைக்கும் வாய்க்கும் ஈடுகொடுக்க முடியாமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவள் அவள்.

“ரயில் ஏறறப்ப அழுதாங்களாக்கா?”

“அழுவறதா? தாடையத் தூக்கி ஒரு பார்வ பாத்தா பாரு!”

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரியூர்ப் பெரியவர்கள் வந்து, சமாதானம் பேசி, நிர்மலாவை அழைத்துப் போவதாக ஏற்பாடு. மண்டியில் எல்லோரும் போயிடு, போயிடு என்றார்கள். நிர்மலா சிரித்துக்கொண்டே, “புருவக்காரியே திரும்பிப் போகலயாம், நான் எதுக்குப் போறன்?” என்றாள். மதலேனம்மாளுக்கு அப்போது தலைகால் புரியாத பெருமை.

சனிக்கிழமை மத்தியானம் அதே படத்தை அவள் மறுபடி போட்டபோது ஸ்டெஃபி எட்டிப் பார்த்தாள்.

“அத்தை, இது பாதிதான். மீதிய தனியா போட்டிருக்காங்க பாருங்க.”

மதலேனம்மாள் உடனே அதைப் போடச் சொன்னாள். மீதியைப் பார்த்தாள். புருவக்காரி பட்டணத்துக்குப் போய், ஒரு கடையில் வேலை செய்து, படாத பாடு பட்டு, கடைசியில் அதே பங்களா வாசலில் போய் நிற்கிறாள். அவன் கதவைத் திறக்கிறான், கட்டிப்பிடிக்கிறான், மேளதாளமாக ஒரு பாட்டு, படம் முடிந்தது.

“அடிப் பாவி மவளே!” என்று போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள். அப்புறம்தான் பயம் வந்தது. பாதிப் படத்தை முழுப் படம் என்று சொல்லி ஒரு பெண்ணின் வாழ்க்கையில் விளையாடிவிட்டோமே! அந்தப் பிரபாகர் உண்மையிலேயே திருந்தியிருந்தால்? நம் பேச்சைக் கேட்டு இந்தப் பெண் காலமெல்லாம் தனியாக நின்றால்? நிர்மலாவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் யாரிடமும் நின்று பேசாமல் பஸ் பிடித்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது நிர்மலா வீட்டு வாசலில் காலி டீ டம்ளர்கள்தான் இருந்தன. பெரியவர்கள் கிளம்பிவிட்டார்கள். உள்ளே நிர்மலாவின் அம்மா பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். வரமாட்டேன் என்று நிர்மலா முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

மதலேனம்மாள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நிர்மலா, நான் தப்புப் பண்ணிட்டன். நான் பாத்தது பாதிப் படம். புருவக்காரி கடைசியில அவன்கிட்டயே போயிட்டாடி. எம்பேச்ச கேட்டு நீ வாழ்க்கைய கெடுத்துக்காத. அவங்க இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டாங்க, வா போலாம்.”

நிர்மலா டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

“தெரியும்க்கா. புருவக்காரியே போகலயாம்னு மண்டியில சொன்னன் இல்ல, அன்னிக்கே ஒரு பையன்கிட்ட கேட்டு, போன்ல தேடச் சொல்லி முழுசாப் பாத்துட்டன்.”

“பாத்துட்டுமா போகமாட்டன்னு சொன்ன?”

“அதப் பாத்ததாலதான் சொன்னன். அவன் கட்டிப்பிடிக்கறப்ப, அவன் தோளுக்கு மேல அந்தம்மா மூஞ்சி தெரியுது. பாட்டு ஜோராப் போவுது, அந்தம்மா பல்லு மட்டும்தான் சிரிக்குது.” நிர்மலாவின் குரல் இறங்கியது. “ஏரியூர்ல வூட்டுக்கு ஆளு வந்தா நானும் அப்படித்தான்க்கா சிரிப்பன்.”