சடையன் கண்ணில் இரண்டு ரோடு

புதூர்நாட்டுக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறவன் சடையன். வயது நாற்பத்து மூன்று. பத்தொன்பது வருஷமாக அதே மலைப்பாதை. பீடி கிடையாது, சாராயம் கிடையாது. அதனாலேயே பிரசவத்துக்குப் போகிற பெண்களை அவன் வண்டியில்தான் நம்பி ஏற்றிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவனைப் பார்த்து ஒருநாள், புளிக்கூடையோடு ஏறிய சாந்தம்மாள் கேட்டாள். "இன்னா சடையா, காலையிலயே ஊத்திக்கினியா? கண்ணு சொருவுது."

ஜீப்பே சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான். ஆனால் அந்தப் பேச்சு அன்று முழுக்க அவனை அரித்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தான். இடது கண்ணின் மேல் இமை, வெளிப்பக்க ஓரத்தில் உப்பியிருந்தது. புருவ எலும்புக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால், அவரைக்கொட்டை மாதிரி கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

"அது ஒரு வருஷத்துக்கு மேலயே அப்படித்தான் கீது. தூக்கம் பத்தலன்னு நெனச்சேன்" என்றாள் மனைவி இளவரசி. "வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

வலிக்காததை ஒரு நோய் என்று எண்ண அவனுக்குத் தோன்றவில்லை. சிவப்பில்லை, பீளையில்லை. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினான். வீக்கம் இருந்தபடியே இருந்தது.

பிறகுதான் ரோடு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. நேராகப் போகையில் தொந்தரவில்லை. இடப்பக்கம் திரும்பி மேலே ஏறுகிற கொண்டை ஊசி வளைவில் அண்ணாந்து பார்த்தால், ஒரு ரோட்டின் மேல் இன்னொரு ரோடு சாய்வாக ஏறி நிற்கும். இடது கண்ணை மூடிக்கொண்டால் மறுபடி ஒன்றாகிவிடும். ஆக, வளைவு வந்தால் கண்ணை மூடினான். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினான். யாரிடமும் மூச்சு விடவில்லை. டிரைவருக்குக் கண் சரியில்லை என்று தெரிந்தால் எவன் ஏறுவான்?

ஆடி மாதத் தூறலில் ஒரு காலை. ஜீப்பில் பதினோரு பேர். வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடவில்லை. எட்டத்தில் இருக்கிறது என்று நினைத்த பஸ் மூஞ்சிக்கு நேரே நின்றது. ஸ்டியரிங்கை ஒடித்தான். ஜீப் ஓரக்கல்லில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை.

"பஸ்காரன்தான் நம்ம பக்கம் ஏறி வந்தான். இவன் இல்லன்னா இன்னிக்கு நாம காலி" என்றார் பள்ளிக்கூட வாத்தியார் ஆனந்தன். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

சடையன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அன்றைக்கு அவன்தான் பெரிய ஆள். சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கினான்.

"தப்பு பஸ் மேல இல்ல சார். எனக்கு ரோடு ரெண்டாத் தெரியுது."

"எத்தினி நாளா?" என்றாள் சாந்தம்மாள்.

"ரெண்டு மாசமா."

ஆனந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பொண்ண டெய்லி இதுலதானய்யா அனுப்புறேன்! வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

பின்னால் வந்த ஜீப்பில் எல்லாரும் ஏறிப் போனார்கள். சாந்தம்மாள் மட்டும் நின்று, "குடிச்சிட்டன்னு ஊருக்கு முன்னால வாய் வுட்டுட்டேன். மனசுல வச்சிக்காத. மொதல்ல கண்ணக் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் தேவி அவனுடைய டிரைவிங் லைசென்ஸைக் கேட்டு வாங்கி, போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போட்டோவில் இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. இப்போது இடது கண் சற்றுக் கீழே இறங்கி, மூக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

"வலி இருக்கா?"

"இல்லீங்க. வலிச்சிருந்தா அப்பவே வந்திருப்பேனுங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. கண்ணீர் சுரக்கிற இடத்துல கட்டி. மெதுவா, வலிக்காம வளர்ந்து கண்ணைத் தள்ளுது. அதான் ரெண்டா தெரியுது. ஸ்கேன்ல பார்த்தா சாதுவான கட்டி மாதிரிதான் இருக்கு. ஆனா எடுத்து சோதிச்சாதான் உறுதியாச் சொல்ல முடியும்."

"கொஞ்சூண்டு கிள்ளி சோதிக்கக் கூடாதாங்க?" என்று கேட்டாள் இளவரசி.

"இந்த மாதிரிக் கட்டியைக் குத்தக் கூடாதும்மா. உடைஞ்சா மறுபடி முளைக்கும். அதைச் சுத்தியிருக்கிற உறையோட முழுசா எடுக்கணும்."

அறுவை சிகிச்சை முடிந்து, சோதனை முடிவுக்காகப் பத்து நாள் காத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தபோது, அந்த இரண்டு மாதத்தில் ஏற்றிக்கொண்டு போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கைக்குழந்தையோடு முன்சீட்டில் உட்கார்ந்த நதியா. ஆனந்தன் மகள். கட்டி எப்படியோ போகட்டும், இவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்புதான் அவனைத் தூங்கவிடவில்லை.

புற்று இல்லை என்று முடிவு வந்தது. இளவரசி ஆஸ்பத்திரி என்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள். இரண்டாகத் தெரிவது ஐந்தாறு வாரத்தில் நின்றது. அந்தக் கண்ணில் மட்டும் ஈரம் குறைந்துபோய், தினமும் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். பரிசோதித்து, ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகே ஸ்டியரிங்கைத் தொட்டான். முதல் வாரம் பாதி வண்டிதான் நிறைந்தது. அதில் அவனுக்கு வருத்தமில்லை.

இப்போது நெல்லிவாசல் பக்கத்துக் கோபால்சாமி அவன் ஜீப்பில் அடிக்கடி வருகிறார். காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில், எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஏழு வருஷமாக இருக்கிறதாம். எச்சில் ஊறுகிற இடத்திலும் இப்படி வரும் என்று வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னது சடையனுக்கு நினைவிருக்கிறது.

"அறுத்தா வாய் கோணிக்கும்ன்றாங்கப்பா. சாமை அறுப்பு முடியட்டும்" என்கிறார் கோபால்சாமி.

"டாக்டரையே கேட்டுக்கலாம் மாமா. புதன்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவலாம், முன்சீட்டு உங்களுக்குத்தான். நான் வூட்டாண்டயே வர்றேன்."

அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.