‘அப்ஸ்காண்டட்’ என்று எழுதியவன் நான்

சுடலைமுத்து இறந்த செய்தி எனக்கு ஒரு தேயிலை லாரியில் வந்தது. வாளையார் செக்போஸ்ட் அருகே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வரிசையில் நின்ற லாரியிலிருந்து பழைய டிரைவர் ஒருவர் இறங்கி வந்து, "உங்க சிநேகிதர் தவறிட்டார் சார், நெஞ்சுவலி. எடுத்து எட்டு நாளாச்சு" என்றார். எட்டு நாள்! அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏனுங்க, ஒரு எடத்துல உக்காருங்க" என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். உட்கார்ந்தால்தான் எழுத முடியும் என்பதால் உட்கார்ந்திருக்கிறேன்.

எஸ்டேட்டில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவசரநிலை வருவதற்கு முந்தைய மழைக்காலம். இடுக்கி மலையில் அந்த எஸ்டேட் ஆபீஸில் ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து இருவரும் வருகைப் பதிவேடு எழுதினோம். அவர் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்து குமாஸ்தா ஆனவர். நான் எலப்புள்ளியிலிருந்து போய், வேலை நிரந்தரமாகாமல் இருந்தவன். சொல்லாமல் மூன்று நாள் வராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘அப்ஸ்காண்டட்’ என்று எழுதுவது அங்கே வழக்கம். எழுதிவிட்டால் வேலை போகும். ஒரு வாரத்தில் லயத்து வீடும் போகும்.

கொழுந்து பறிக்கும் வெள்ளைத்தாய் மூன்று நாளாக வரவில்லை. புருஷன் அடித்த அடியில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போடியில் அக்கா வீட்டுக்கு இறங்கிவிட்டாள் என்பது லயம் முழுக்கத் தெரியும். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். சுடலைமுத்து என் கையைப் பிடித்தார்.

"பொறும் வே. அகராதியில என்ன போட்டிருக்கு? குத்தம் செஞ்சுட்டு ஒளிஞ்சு ஓடுறதுன்னுதானே? அவ என்ன குத்தம் செஞ்சா? எங்க ஒளிஞ்சா?"

"ரூல் அதுதானுங்களே. எழுதாம உட்டா என்னையத்தான் கேப்பாங்க."

"ஓடுனவ ஒருத்தி இருந்தா, தொரத்துனவன் ஒருத்தன் இருக்கணும்லா? அவன் பேரை எந்தக் கட்டத்துல எழுதுவீரு?"

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு என் வேலை பெரிதாக இருந்தது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் எழுதிவிட்டேன்.

திரும்பி வந்தவர் நான் எழுதியிருந்ததைப் பார்த்தார். ஒரு லீவு படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் அனுமதி கேட்காமல், கொட்டும் மழையில் போடிக்கு இறங்கும் பாதையில் நடந்தார். மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது என்றார்கள். என்னால் ஒரு வரி ஒழுங்காக எழுத முடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்குமாக அலைந்தேன். மூன்றாம் நாள் மானேஜர் வந்து பதிவேட்டைப் புரட்டினார்.

"சுடலைமுத்து எங்கே?"

"தெரியாதுங்க" என்றேன். எனக்கு நன்றாகவே தெரியும்.

"அப்ப எழுது" என்றார். சுடலைமுத்துவின் பெயருக்கு நேரேயும் அதே சொல்லை எழுதினேன்.

மறுநாள் காலை, முழங்கால்வரை சேற்றோடு அவர் வந்து நின்றார். பின்னால் குழந்தையோடு வெள்ளைத்தாய். அவர் கையில் அவள் கைநாட்டு வைத்த லீவு படிவமும், அவள் தலையில் தையல் போட்டதற்கான ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தன. மானேஜர் சீட்டைப் படித்துவிட்டு அவளுடைய வரியை அடித்துக் கையெழுத்திட்டார். வேலையும் வீடும் அவளுக்கு மிஞ்சின. சுடலைமுத்துவின் வரியை மட்டும் அவர் தொடவில்லை. "ரூல் தெரிஞ்ச ஆளுக்கு மன்னிப்பு கிடையாது" என்றார். வேலையைப் பறிக்கவில்லை, ஆனால் அவருக்கு வரவேண்டிய ஹெட்கிளார்க் பதவி கடைசிவரை வரவேயில்லை. என் வேலை அந்த மாதமே நிரந்தரமாயிற்று. இதை எழுதவே கூசுகிறது.

நான் மலையை விட்டு இறங்கிய நாளில் அவர் பஸ் ஏற்றிவிட வந்தார். அப்போதுதான் வாய் திறந்தேன். "நீங்க போடிக்குப் போனது எனக்குத் தெரியுமுங்க. தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன்."

"அது அன்னைக்கே தெரியும் வே. பயந்தவன் பொய் சொல்லத்தான் செய்வான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஆனா உம்ம எழுத்தைப் பாத்தேன். ரெண்டு எடத்துலயும் கை கொஞ்சங்கூட நடுங்கல. அதுதான் எனக்கு ஆறல" என்றார்.

இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. யார் வராவிட்டாலும் முதலில் அவர் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறேன். தொடும்போது கை நடுங்குகிறது. சுடலைமுத்துவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நடுக்கம் ஒன்றுதான். அது நின்றுவிடக் கூடாது.