இரண்டாம் எண்ணில் தெரிந்த பெயர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, இது பட்டப்பகலில் நடந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஆரம்பாக்கத்தில் ஒரு இறால் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கம்ப்யூட்டர் இரண்டு, ஆனால் திரையும் கீபோர்டும் ஒன்றுதான். நடுவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி. குமிழை ஒன்றில் வைத்தால் கம்பெனிக் கடிதங்கள், இரண்டில் வைத்தால் கோட்டைக்குப்பத்து மீனவர்களின் பாடு பட்டியல். பாடு என்றால் ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று சீட்டு குலுக்கிப் போடுகிற முறை. அதை எங்களிடம்தான் அடித்து வாங்குவார்கள்.

ஒருநாள், அந்தப் பட்டியலில் இருந்த ஏழுமலை என்ற மீனவன் ஏரிக்குப் போய்த் திரும்பவில்லை. உடல் கரை சேரும்வரை பெயரை எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். தெரிந்தும், வேலை முடியட்டும் என்று அழித்துவிட்டேன். மறுநாள் அவன் மனைவி கன்னியம்மா வந்து நின்றாள்.

"ஒடம்பே கரைக்கு வரல, அதுக்குள்ள பேர எடுத்துட்டியாக்கா? இன்னா அவசரம் உனக்கு?"

"மிஷின் கோளாறும்மா" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

முதலாளி அதை நம்பி இரண்டாவது கம்ப்யூட்டரை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டார். பழைய ஸ்விட்ச் பெட்டியும் மோசம்தான், ஒன்றில் தட்டிய எழுத்து மற்றதில் போய் விழும். நானே சென்னைக்குப் போய், குமிழ் கெட்டியாக 'டக்'கென்று உட்காருகிறதா, ஒன்றின் படம் மற்றதில் கசியவில்லையா என்று கடையிலேயே நாலைந்து பெட்டிகளைச் சோதித்துத்தான் புதிது வாங்கிவந்தேன். அதனால் ஸ்விட்ச் மேல் பழி போட எனக்கு வழியில்லை.

பெட்டியை மாட்டினேன். இரண்டாம் எண்ணின் வயர் எதிலும் செருகாமல் என் மடியில் கிடந்தது. சும்மா பார்ப்போம் என்று குமிழை இரண்டுக்குத் திருப்பினேன். திரை இருட்டாக இருக்க வேண்டும், இல்லையா? ஏழுமலை என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஏரியின் வடக்கு மூலை. அவன் பெயருக்கு நேரே நான் அடிக்காத இடம். அதற்குக் கீழே இன்னொரு பெயர் எழுத்தெழுத்தாக வர ஆரம்பித்தது. சட்டென்று குமிழை ஒன்றுக்குத் திருப்பிவிட்டேன்.

வெட்கத்தை விட்டுக் கன்னியம்மாவிடம் ஓடினேன். "வடக்கு மூலையில தேடச் சொல்லும்மா." அவள் உடனே படகுக்காரர்களை அங்கே அனுப்பினாள். அன்று சாயங்காலமே அங்கே வலைக்கம்புகளுக்கு நடுவில் ஏழுமலையை எடுத்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கீழே வந்த பெயர் யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படித்திருக்கலாம், பயந்துவிட்டேன். என் தம்பியும் இன்றும் அதே ஏரிக்குத்தான் மீன்பிடிக்கப் போகிறான்.