நான்கு கனத்த குவார்க்குகளும் ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட்டும்

துணி வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுகளைப் பனியன் கம்பெனிகளில் வாங்கி, நிறம் பிரித்து விற்பது ரைசாவின் தந்தை பசீர் அகமதுவின் தொழில். இயற்பியல் பட்டம் வாங்கிய கையோடு ரைசாவும் அவருடைய குடோனில்தான் உட்கார்ந்தாள். ஆனால் மனம் அடங்கவில்லை. பள்ளி ஆசிரியர் சிவபிரகாஷைச் சேர்த்துக்கொண்டு, அனுப்பர்பாளையத்தில் மாதம் ஒரு ஞாயிறு அறிவியல் கூட்டம் தொடங்கினாள். வந்தவர்கள் டீ குடித்ததும் நழுவினார்கள்.

"இந்தவாட்டியும் ஆளு எந்திரிச்சுப் போனா, கூட்டத்த நிறுத்திரலாங்க. எதைப் பத்திப் பேசறீங்க?" என்றார் சிவபிரகாஷ்.

"நாலு கனமான குவார்க் சேர்ந்த துகளைப் பத்திங்க."

"சுத்தம்! சர்க்கரை நோயைப் பத்திப் பேசினாலாவது நாலு பேரு உக்காருவாங்க."

"அதைப் பேச டாக்டருங்க இருக்காங்க. இதைப் பேச இங்க யாருங்க இருக்கா?"

ஞாயிறன்று, சரக்கு ஏற்றிய வண்டியிலேயே ரைசா அத்தாவோடு கூட்டத்துக்கு வந்து இறங்கினாள். ஜெனீவா ஆய்வுக்கூடத்தில், அணுக்கருவில் இருக்கும் புரோட்டான்களை மோதவிடுவதைச் சொன்னாள். குவார்க்குகள் என்பவை புரோட்டான் போன்ற துகள்களை ஆக்கும் நுண்துகள்கள்; அவற்றில் கனத்தவை நான்கு கூடிப் பிறக்கும் துகள், பிறந்த கணமே இரண்டாக உடைந்து, கடைசியில் நான்கு மியூவான் துகள்களாகச் சிதறும் என்றாள். பின்வரிசையில் இருவர் வெளியேறினார்கள். பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் சின்னான் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"அம்மிணி, கண்ணுல படறதுக்குள்ள ஒடஞ்சு போச்சுங்கறீங்க. ரெண்டு தனித்தனிச் சாமானு பக்கத்துல பக்கத்துல வந்து உழுந்திருக்கும். ஒண்ணுதான்னு எப்படிங்க சொல்றது?" என்று கிளம்பும் முன் கேட்டார்.

ரைசாவுக்கு முகம் மலர்ந்தது. "அத்தா, வண்டியில அந்தச் செவப்பு கருப்பு மூட்டை இருக்குதில்ல, கொண்டாங்க!"

"இங்கயும் வேஸ்ட்டா? வெளங்கும்!" என்று முனகியபடி கொண்டுவந்தார் பசீர். ரைசா மூட்டையை மேசைமேல் கொட்டினாள். பனியனில் கழுத்துக்காக வெட்டியெடுத்த துண்டுகள்.

"ஏனுங்கண்ணா, இது எத்தனை ஆர்டர்?"

"ரெண்டு. செவப்பொண்ணு, கருப்பொண்ணு. கலந்து கட்டியிருக்கறாங்க."

"நல்லாப் பாருங்க."

சின்னான் சாவியை மேசைமேல் வைத்தார். துண்டுகளைப் பிரித்து அடுக்கினார். கை நின்றது.

"செவப்பெல்லாம் முன்கழுத்து, எறக்கமா இருக்குது. கருப்பெல்லாம் பின்கழுத்து. ரெண்டு ஆர்டருன்னா ஒவ்வொரு கலர்லயும் ரெண்டு கழுத்தும் இருக்கோணும். அட! முன்னாடி செவப்பு, பின்னாடி கருப்பு. ஒரே பனியனுங்க இது!"

"அந்தப் பனியனை நீங்க பாத்தீங்களா?"

"எதுக்குங்க பாக்கோணும்?"

அரங்கம் அதிரச் சிரித்தது. ரைசா குரலை உயர்த்தினாள். "அங்கயும் இதேதாங்க. சிதறின நாலு துண்டோட ஆற்றலையும் வேகத்தையும் கணக்குல கூட்டினா தாய்த்துகளோட எடை வரும். தற்செயலாச் சேர்ந்ததுன்னா எடை கண்டபடி இருக்கும். ஆனா ஒரே எடையில ஒரு குவியல் நின்னுது! புரோட்டானைப் போல ஏழு மடங்குக்குக் கொஞ்சம் மேல. ஒரே தாய் இருந்தாத்தான் அப்படி நிக்கும்."

வெளியே போன இருவரும் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்திருந்தார்கள். டீயை எவரும் தொடவில்லை.

"அப்ப அந்தத் தாய்த்துகளுக்கு உள்ளார நாலு குவார்க்கும் ஒரே முடிச்சா இருக்குதா, ரெண்டு ரெண்டா ஒட்டி நிக்குதா?" தையல்காரி சித்ராதேவியின் கேள்வி.

"ஒரே முடிச்சுங்கற பக்கம் இப்ப கை ஓங்கியிருக்குதுங்க. முழுசா முடிவாகல."

"முடிச்சேதான்!" என்றார் சின்னான்.

"நீங்க மொதல்ல ரெண்டு ஆர்டருன்னு சொன்ன ஆளுதானே?" என்றாள் சித்ராதேவி.

அவ்வளவுதான், ஒரே முடிச்சென்று சின்னானும் இரண்டிரண்டென்று சித்ராதேவியும் நிற்க, அரங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நேரமாகிவிட்டதென்று சிவபிரகாஷ் இரண்டு முறை மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். வியர்த்து வழிந்தும் ஒருவரும் எழவில்லை. ரைசா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, சித்ராதேவியின் பக்கத்தில் சண்டைக்கு உட்கார்ந்தாள்.