அடக்கிய தும்மல்

என் கணவருக்கு முதலில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. கரோல் பாக் மெட்ரோவில் வந்து நின்ற ரயில் இரண்டு, ஆபீஸ் கோப்பில் போட்ட கையெழுத்து இரண்டு, நான் இரண்டு. "ரெண்டு பொண்டாட்டி கேட்டீங்க, கிடைச்சுட்டுல்லா" என்று கேலி செய்தேன். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

ஸ்கேன் வேறு மாதிரி சொன்னது. கண்களுக்குப் பின்னால், மூளையைத் தாங்குகிற எலும்பின் ஆழத்தில் ஒரு கட்டி. எங்கோ யாருக்கோ வருகிற கட்டி என்றார் டாக்டர். அந்த யாரோ ஏன் இவராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பீடி சிகரெட் கிடையாது, ஒருத்தரிடம் அதிர்ந்து பேசினது கிடையாது. மண்டையைத் திறக்க வேண்டாம், மூக்கு வழியாகப் போய் எடுத்துவிடலாம் என்றார்கள். சளி சிந்துகிற மூக்கு வழியாக மூளைக்குப் போவதாவது என்று நான் நம்பவே இல்லை.

ஆனால் போனார்கள். கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டு, நாள் முழுக்க நின்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கிற நீர் கீழே இறங்கிவிடாமலிருக்க, தொடையிலிருந்து கொழுப்பும் மூக்கின் உள்தோலும் எடுத்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். சில நாளில் நான் அவருக்கு ஒருத்தியாகத் தெரிந்தேன். அன்றைக்கு அழுத மாதிரி நான் என் கல்யாணத்தன்றுகூட அழுததில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது. தும்மல் வந்தால் அடக்கவே கூடாது, வாயை நன்றாகத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். அடக்கினால் அந்தக் காற்று அடைப்பைப் பிய்த்துவிடும், அதன் வழியாகக் கிருமி மூளைக்கு ஏறிவிடும், ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இவரும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டார். தில்லியின் குளிர்காலப் புகையில் தும்மலுக்கா பஞ்சம்? வாயைத் திறந்து இவர் போடுகிற சத்தத்தில், கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒருநாள் மேலே ஏறி வந்து என்ன ஆச்சு என்று விசாரித்தாள்.

அப்போதுதான் எங்கள் ஒரே மகளுக்கு நேர்முகத் தேர்வு வந்தது. இரண்டு முறை நேர்முகம் வரைக்கும் போய், வேலை கிடைக்காமல் திரும்பியவள். அன்று காலையில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, போயிட்டு வரேன்ப்பா என்று சொல்லிப் படியில் இறங்கினாள். வாசலில் நின்றிருந்த இவர் திடீரென்று தோள் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார். உடம்பு ஒருமுறை குலுங்கியது. பெண் போகிறாளே என்று அழுகிறார் போல என்று நினைத்தேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தியபோது, ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. சளி இல்லை, பச்சைத் தண்ணீர். சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

ஆட்டோவில் வைத்து, காலையில் அடக்கினீர்களா என்று கேட்டேன்.

"அவ படி இறங்கிக்கிட்டு இருந்தா. நான் எப்படித் தும்ம?" என்றார்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில், ஒருவர் காரியமாகப் புறப்படும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டுவிட்டால் அந்தக் காரியம் கெட்டுப்போகும் என்பார்கள். இத்தனை வருஷம் தில்லியில் மத்திய அரசு ஆபீசில் குப்பை கொட்டிய மனுஷன், அதை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

சாயங்காலம் மகள் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மறுநாள் மறுபடியும் மூக்கு வழியாகப் போய் அடைக்கப் போகிறார்கள் என்றதும் ஏன் என்று கேட்டாள். இருந்த கோபத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அவள் புரியாமல் அப்பாவைப் பார்த்தாள்.

"தும்மினா என்னப்பா? அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதே."

உண்மைதான். தில்லியில் பிறந்த பெண்ணுக்கு நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இவர் தும்மியிருந்தால், படியிலிருந்தே இங்கிலீஷில் ஒரு 'பிளெஸ் யூ' சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்குத் தெரியாதுட்டி. எனக்குத் தெரியும்லா."

இரண்டாவது தடவை போட்ட அடைப்பு நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் அதற்குள் கிருமி ஏறிவிட்டிருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை, பிறகு நினைவு தப்பியது. அவர் திரும்பி வரவே இல்லை.

பதினாறு கழிவதற்குள் மகளுக்கு வேலை கிடைத்துவிட்ட செய்தி வந்தது. துக்கம் கேட்க வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், அண்ணாச்சி அன்றைக்குத் தும்மாமல் இருந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு வாயில் நன்றாக வந்தது, சாவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதுவரைக்கும் அழாமலேயே இருந்த மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் நல்லா பதில் சொன்னேன்ம்மா" என்றாள். "அதனாலதான் கிடைச்சது." பிறகு என் மடியில் விழுந்து அழுதாள்.