போணி நேரத்தில் கொட்டேஷன்

கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்துவிட்டால் எனக்குத் திருப்பி வைக்கத் தெரியாது. விற்பவர் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல வேண்டுமே, அது வராது. பாண்டி பஜாரில் நடந்து போனால் வீட்டுக்கு வரும்போது என்னிடம் கர்ச்சீப்பும் சீப்பும் இருக்கும். என் தலையில் சீப்புக்கு வேலை இல்லை என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட என்னைத்தான் மூன்று இடத்தில் விலை விசாரித்து வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அடையாறில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். கடலுக்கு இந்தப் பக்கமும் இலங்கைப் பக்கமும் மீன் விற்கும் பெண்கள் ஒன்றுகூடி, மீன் கெடாமல் வைப்பது, கருவாடு போடுவது, கணக்கு வைப்பது என்று ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்கிற திட்டம். அதற்கான பணம் இரண்டு நாட்டுக்கும் பொதுவாக வெளியிலிருந்து வருகிறது. டீ போடுவது, பேப்பர் ஜெராக்ஸ் எடுப்பது, நாற்காலி போடுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதனால் இந்தப் பணம் வருகிற வழியை எனக்குப் புரிய வைக்க அக்கவுண்ட்ஸ் மேடம் கொஞ்சம் பாடுபட்டார்.

மேடம் மயிலாப்பூர் குளத்தங்கரைப் பக்கம் பல தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பெண். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

"முதல்ல நாமதான் செலவு பண்ணணும், அண்ணா. அப்புறம் ஆடிட்டர் வந்து பார்ப்பார். அவர் ஒத்துண்டாத்தான் பணம் வரும். ஒத்துக்கலைன்னா, அந்தத் தொகைய ஆபீஸ் செலவுலேருந்து கழிச்சுடுவா."

"ஆபீஸ் செலவுன்னா எதும்மா?"

"வாடகை, கரண்ட்டு..." என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் முடித்தார். "அப்புறம் உங்க சம்பளம்."

வாடகையைக் குறைத்தால் ஹவுஸ் ஓனர் விடமாட்டார். கரண்ட்டை நிறுத்தினால் மேடத்தின் கம்ப்யூட்டர் ஓடாது. மிச்சம் இருப்பது நான்தான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அந்த வருஷக் கூட்டம் இங்கே நடந்தது. கொட்டிவாக்கம், பட்டினப்பாக்கம் பெண்களும் அக்கரையிலிருந்து வந்த பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்கள். மீன் விற்கிறவர்களுக்கு வெளியில் ஆர்டர் கொடுத்து மீன் குழம்பு வாங்குவதா என்று மேனேஜர் கேட்டார். மீனை நம் பெண்களிடமே வாங்கி, சமையல்காரரை வைத்துச் சமைப்பது என்று முடிவானது. தொகை கொஞ்சம் பெரியது. பெரிய தொகை என்றால் மூன்று பேரிடம் விலை எழுதி வாங்கி, குறைந்த விலை சொன்னவரிடம் மட்டும்தான் வாங்க வேண்டும். அதுதான் விதி.

மேடம் ஒரு பேப்பர் தயார் செய்து என்னிடம் நீட்டினார். அதில் 'வஞ்சிரம்: எத்தனை?' என்று இருந்தது.

"எத்தனைன்னா, எண்ணிக்கையாம்மா?"

"ஏன், கிலோவா? எனக்கு எப்படித் தெரியும் அண்ணா? எங்காத்துல வெங்காயத்துக்கே யோசிப்பா."

காலை ஆறரைக்கு முன்பணத்தோடு பட்டினப்பாக்கம் மார்க்கெட்டில் நின்றேன். மூன்று பேரிடமும் விலை எழுதி வாங்கி, மேடத்துக்குப் போன் செய்து, அவர் சொல்கிறவரிடம் வாங்க வேண்டும். முதல் கடைக்காரம்மா அப்போதுதான் பலகையில் மீனை அடுக்கி முடித்திருந்தார்.

"வா டீ அண்ணே! இன்னா இந்தப் பக்கம்?" பயிற்சியில் டீ கொடுத்ததால் எனக்கு அங்கே அதுதான் பெயர்.

விலை கேட்டேன். சொன்னார். பேப்பரை நீட்டி எழுதித் தரச் சொன்னேன்.

"எழுதிக் குடுத்தா?"

"அடுத்த கடையிலயும் கேட்டுட்டு..."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "இன்னாண்ணே, இன்னும் போணியே ஆவல. காலங்காத்தால வந்து வெல கேட்டுக்கினு வெறுங்கையோட போனா, இன்னிக்கி பூரா ஈ ஓட்டிக்கினு குந்தியிருக்கணும். உனக்கு அதான் ஆசையா?"

எனக்குத் தெரியாத விஷயமா? நாளின் முதல் வியாபாரம் போணி. போணி நேரத்தில் விலை கேட்டால் வாங்கிவிட வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது, விதி எழுதியவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் வாங்கினேன். அந்தம்மா பணத்தைக் கண்ணில் ஒற்றி, மீன்மேல் தொட்டு, மடியில் சொருகிக்கொண்டார்.

இரண்டாவது கடைக்காரம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். "அவ மீனு மட்டும் தங்கத்துல செஞ்சதா? எங்கிட்ட வெல கேட்டு நோட்டு போட்டுக்கினு போறதுக்கு நீ இன்னா கார்ப்பரேஷனா?" அங்கேயும் வாங்கினேன். மூன்றாவது அம்மாவோ, நான் வாயைத் திறக்கும் முன்பே தராசில் மீனை வைத்துவிட்டார். அப்போதுதான் மேடத்துக்குப் போன் செய்யாதது நினைவு வந்தது.

மீன் கூட்டத்துக்குச் சரியாக இருந்தது. பணமும் ரொம்பக் கூடவில்லை. விதிதான் உடைந்துவிட்டது.

"ஒருத்தர்ட்ட வாங்கச் சொன்னா மூணு பேர்ட்டயும் வாங்கிண்டு வந்திருக்கேளே!" என்றார் மேடம், மூக்கில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு. "இத நான் ஆடிட்டர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

கூட்டம் நன்றாக நடந்தது. குழம்பைப் பற்றி இரண்டு நாட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அடுத்த வாரம் ஆடிட்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முழுக்கை சட்டை, ஷூ, கையில் ஃபைல். அமைதியாகப் பேசுவார், அதுதான் பயம். மீன் கணக்கில் வந்து நின்றார்.

"மூண்டு பேரிட்டையும் வாங்கினது ஏன்?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரைப் பார்த்தேன். கடைசியில் "போணி சார்" என்றேன்.

"உந்தப் போணி எண்டது விதியில எங்க இருக்கு, அண்ணை?"

விதியில் இல்லை, மார்க்கெட்டில்தான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். டீ டம்ளரைத்தான் அவர் பக்கம் நகர்த்தினேன். அந்த மாதச் சம்பளம் கண்முன் குழம்பில் கரைவது தெரிந்தது.

"சரி. நாளைக்கு விடியவே நான் நேர வந்து விலை விசாரிச்சுப் பாக்கிறன்," என்றார். மேடம் மெதுவாக ஃபைலை மூடினார்.

மறுநாள் அவர் முன்னால் போனார், நான் பின்னால். முதல் கடையில் வஞ்சிரத்தைக் காட்டி விலை கேட்டார், ஃபைலில் குறித்தார், "நன்றி" என்று சொல்லி நகர்ந்தார்.

"ஹலோ நைனா! இன்னா எழுதிக்கினு கெளம்பிட்ட? போணி ஆவல!"

"நான் விலை மட்டும்தான் பாக்க வந்தனான்."

"வெல மட்டும் பாக்குறதுக்கு இது இன்னா மியூசியமா? புடி." மீன் பையில் விழுந்துவிட்டது. "காசு இல்லியா? ஜிபே பண்ணு."

அவர் போனில் அது இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் "ரசீது?" என்றார்.

"மீனே குடுத்துட்டேன், அப்பால இன்னா ரசீது?"

இரண்டாவது கடையைத் தாண்டிப் போய்விடப் பார்த்தார். "அங்க வாங்கிட்டு எங்கள பாத்தா மட்டும் ஓடுற?" என்று ஒரு குரல் போதுமானதாக இருந்தது. மூன்றாவது கடையில் அவர் ஃபைலைத் திறக்கவே இல்லை. ஆட்டோவில் மூன்று பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அடையாறு பாலம் வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "ஹோட்டல்ல சமைக்க ஏலாது. நீங்களே கொண்டு போங்கோ, அண்ணை" என்றார்.

அன்று என் வீட்டில் வஞ்சிர வறுவல். கொடுத்த பணத்தையும் அவர் மதியத்துக்குள் திருப்பித் தந்துவிட்டார், என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

அறிக்கை வந்தபோது மேடம் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். மீன் செலவு முழுவதும் ஏற்கப்பட்டது. உள்ளூர் வணிக வழக்கத்தைக் கருத்தில் கொண்டு, இனி மீன் விலை விசாரணையைக் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷக் கூட்டத்துக்கு விதிப்படி பத்து மணிக்கு மேல் போனேன். மூன்று பலகையும் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"தீந்துட்ச்சிண்ணே. இந்நேரத்துல வந்தா இன்னா கெடைக்கும்?"

மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மூணு பேரும் இல்லைன்னு எழுதிக் குடுப்பாளா?"

"குடுப்பாங்கம்மா. போணி முடிஞ்சிடுச்சு."

"அப்போ அத எழுதி வாங்கிண்டு வாங்கோ. நான் மெஸ்ஸுக்குப் பேசிக்கறேன்." மயிலாப்பூரில் மூன்று மெஸ்களிடம் அவர் போனிலேயே விலை எழுதி வாங்கிவிட்டார். அவர்கள் யாரும் போணி பற்றிப் பேசவில்லை.

மதியம் பெண்கள் இலையில் உட்கார்ந்தார்கள். முதல் கடைக்காரம்மா வாளியை எட்டிப் பார்த்தார்.

"இன்னா டீ அண்ணே, மீன்காரிங்க மீட்டிங்குல சாம்பாரா?"

அவர் இலையில் அப்பளம் ஒன்று கூடுதலாக வைத்தேன். பந்தி முடிந்து நான் உட்கார்ந்தபோது சாம்பாரை இரண்டு கரண்டி அதிகமாகவே ஊற்றிக்கொண்டேன். என் சம்பளத்தில் யாரும் கைவைக்க முடியாத சாம்பார் அது.