நான் பார்த்த ஸ்குவா

தொண்ணூறுகளின் கடைசியில் நான் புனேயில், சாங்விப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கும் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். அதில் என்னைத் தவிர தமிழ் பேசுபவர் ஒருவர்தான். கோயம்புத்தூர்க்காரர், வங்கி அதிகாரி. குழுவின் செய்திமடலையும் அவரே கவனித்துவந்தார்.

ஓர் ஏப்ரலில், வடக்கே திரும்பும் கடல் பறவைகளைப் பார்க்கக் கொங்கண் கடற்கரைக்குப் போனோம். பாறை முனையில் ஆளைத் தள்ளும் காற்று. மற்ற எல்லாரும் கீழே டீக்கடைக்கு இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கரும்பழுப்பு நிறத்தில் அது வந்தது. ஆலா என்ற சிறு கடல் பறவை ஒன்றைத் துரத்தித் துரத்தி, அது விழுங்கிய மீனைக் கக்கவைத்து, தண்ணீரில் விழுமுன் கவ்விக்கொண்டு போயிற்று. இறக்கையில் வெள்ளைக் கீற்று. ஸ்குவா! புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த பறவை. நோட்டில் வரைந்து, நேரத்தையும் குறித்துக்கொண்டேன்.

காட்டியதும் வங்கிக்காரர் சிரித்தார். "அது கடல் காக்காக் குஞ்சுங்க மேடம். முதல்ல பைனாகுலரைத் தொடைங்க." அதையே இந்தியிலும் சொன்னார். குழுவே சிரித்தது. "வீட்ல பாத்துட்டுத் தர்றனுங்க" என்று நோட்டை வாங்கிப்போய் அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தார்.

ஜூன் மாத மடலில் ஸ்குவா வந்திருந்தது. நேரம், காற்றின் திசை, துரத்திய விதம் எல்லாம் என் குறிப்பேதான். பார்த்தவர் என்று அவர் பெயர்.

"விடு, ஒரு பறவைதான" என்றார் என் கணவர். நான் விடவில்லை. சண்டையும் போடவில்லை. பார்க்கும்போதெல்லாம் வங்கிக்காரருக்குச் சிரித்து வணக்கம் சொன்னேன். மறு வருஷம் கடற்கரைப் பயணத்துக்கு முந்தைய கூட்டத்தில், புதியவர்களுக்காக ஸ்குவாவைப் பற்றி அவர் பேச வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். குஷியாகப் பேசினார். முடித்ததும் எழுந்து இந்தியில் கேட்டேன்: மடலில் மாலை நாலேகால் என்று போட்டிருக்கிறதே, அப்போது எங்கே நின்று பார்த்தீர்கள்?

"பாறை முனையில்தான்."

முன்வரிசையில் இருந்த மராத்திக்கார அம்மாள் திரும்பினாள். நாலு மணியிலிருந்து கிளம்பும்வரை எங்களோடு டீக்கடையில்தானே இருந்தீர்கள், இரண்டாவது வடா பாவ்கூடக் கேட்டு வாங்கினீர்களே என்றாள். நான் நோட்டைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அது வரிசை வரிசையாகப் போயிற்று.

வாசலில் அவர் என்னை நிறுத்தினார். முகம் வெளிறியிருந்தது. "தனியாத் தமிழ்ல கேட்டிருக்கலாமுங்களே மேடம்."

"அன்னைக்கு நீங்க இந்தியிலயுமில்லா சொன்னீங்க சார்."

அடுத்த மடல் வேறொருவர் கைக்குப் போனது. திருத்தத்தில் என் பெயர் வந்தது. அவர் அப்புறம் குழுவுக்கே வரவில்லை. சில மாதம் கழித்துக் கறிவேப்பிலை வாங்குமிடத்தில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமையானா மொட்டை மாடியில தனியா நின்னு பருந்து பாக்கறாருங்க. மறுபடி வரச்சொல்லி ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன்."

"குழுவில சொல்லுதேன்" என்றேன். சொல்லவில்லை. இன்றுவரை அதற்காக வருந்தியதும் இல்லை.